பொறிப்பச்சு: ‘செதுக்கோவியம்’ ஏன் பொருந்தாது?

ஜெர்மானியக் கலைஞர் மார்ட்டின் ஷோன்கவர் 1470களில் ஆக்கிய ‘புனித அந்தோணியாரின் சோதனை’ தமிழில் அச்சாகும்போது அதன் கீழே ‘மரச் செதுக்கோவியம்’ என்றோ, வெறுமனே ‘செதுக்கோவியம்’ என்றோ எழுதிவிடுகிறார்கள். முன்னது வெளிப்படையான பிழை. அது செப்புத் தகட்டில் ஆனது. பின்னது சரிபோலத் தோன்றுவதால் கூடுதல் தொல்லை தருவது.

இவ்வகை அச்சுப்படத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘என்கிரேவிங்’ பிரெஞ்சு வழியாக வந்த சொல். தோண்டுதலைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வேர் அதன் அடியில் இருக்கிறது. சொல்வரலாறு இவ்வளவு போதும்.

செதுக்குதல் என்பது வேண்டாததை நீக்கி வேண்டியதை நிறுத்துவது. சிற்பி செய்வது அது. மரக்கட்டையில் கோடுகளை மேடாக விட்டு மற்றதை அகற்றி, மேட்டில் மை தடவி அச்சிடுபவர் செய்வதும் அதுவே. செப்புத் தகட்டிலோ நடப்பது நேரெதிர். கூர்முனைச் சிற்றுளியை உள்ளங்கையால் முன்தள்ளிக் கீறும் பள்ளமே கோடாகிறது. பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் தாள் அந்த மையை வாங்கிக்கொள்கிறது. ஆகவே ‘செதுக்கு’ என்னும் சொல் நடக்காத ஒன்றைச் சொல்கிறது. இக்கலை தச்சரிடமிருந்தன்றிப் பொற்கொல்லர் பட்டறையிலிருந்து கிளைத்தது என்பதையும் அது மறைக்கிறது. ஷோன்கவரே கோல்மார் நகரப் பொற்கொல்லரின் மகன். அந்தோணியாரை வானில் பற்றியிழுக்கும் பேய்களின் செதிலையும் முள்ளையும் மயிரையும் வேறுபடுத்தும் மெல்லிய கோடுகள் அந்தக் கைப்பழக்கத்தின் பேறு.

‘ஓவியம்’ என்னும் பின்பாதியும் இடறுகிறது. ஓவியம் என்றால் ஒற்றைப் படி; இதுவோ அச்சு. பெயர் தெரியாமல் ‘இ. எஸ்.’ என்னும் எழுத்துகளால் மட்டுமே அறியப்படும் கலைஞர் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்துக்கு வரும் பயணிகளுக்காக 1466இல் ஆக்கிய மாதா உருவம், பல படிகளாகப் பலர் கைக்குப் போவதற்கென்றே பிறந்தது.

இமயத்தில் புலி பொறித்ததாகச் சோழனைப் பாடிய மொழியில் இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. செப்பேட்டில் எழுத்தைப் பொறிக்கிறோம். அத்துடன் அச்சு சேர்ந்தால் பொறிப்பச்சு. ‘பொறி’ இயந்திரத்தை நினைவூட்டும் என்று மறுப்போர், கல்வெட்டுப் பொறிப்பு என்று படிக்கும்போது எந்த இயந்திரத்தைக் கண்டார்கள்? மரத்தில் ஆவதற்குச் ‘செதுக்கச்சு’ என்றே இருக்கட்டும்.

அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் படத்தைப் பாராமலே நகரும் மொழிபெயர்ப்பாளர்களிடம் இந்த வேறுபாடு எடுபடுவது கடினம். இதே படத்தின் அந்தோணியாரைப் பதுவைப் புனிதராக்கி விளக்கம் எழுதுவோரும் உண்டு; பேய்களிடம் சிக்கியவர் அவருக்குப் பல நூற்றாண்டு முந்திய வனத்து அந்தோணியார்.