வெட் டிஷ்யூவைக் கொஞ்சம் பைக்குள் வையுங்கள்

ஐந்து வயதுப் பையன். மணல் தட்டின் முன்னால் உட்கார வைத்தேன். ஆள்காட்டி விரல் நுனியால் ஒரே ஒரு முறை தொட்டான். நாலு மணல் துகள் ஒட்டியிருந்தால் அதிகம். உடனே விரலை நீட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். அவன் முகம் கோணுவதற்கு முன்பே அம்மா கையில் வெட் டிஷ்யூ வந்துவிட்டது.

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அதாவது, விளையாட்டு, சாப்பாடு, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்குபவர். இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது பிள்ளை. அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன். "வெளியில் விளையாட விடுறீங்களா?" என்று கேட்டதும் அம்மா பெருமையாகப் போனில் படம் காட்டினார். வீட்டுக்குப் பின்னால் அருமையான இடம். அதில் முழுக்கச் செயற்கைப் புல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம். "மண்ணே கண்ணுல படாத மாதிரி பண்ணிட்டோம் மேடம்."

செயற்கைப் புல்லால்தான் அவனுக்கு இப்படி ஆனது என்று சொல்ல வரவில்லை. சில பிள்ளைகளுக்குத் தொடு உணர்ச்சி இயல்பிலேயே கூர்மையாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஈரம், சொரசொரப்பு, பிசுபிசுப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும். நாமோ அதைத் தேடித் தேடி அகற்றிவிட்டு, வாரம் இரண்டு நாள் தெரபி அறையில் தட்டில் போட்டுத் தருகிறோம்.

சரி, "மண்ணுல விளையாடினா புழு வரும்" என்பதற்கு வருவோம். இதை எத்தனை முறை விளக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கொக்கிப்புழு சும்மா மண்ணில் பிறப்பதில்லை. புழு இருக்கும் மனிதரின் மலம் கலந்த மண்ணில்தான் அதன் முட்டை பொரியும், அங்கே வெறுங்காலோ கையோ பட்டால் தோல் வழியாக உள்ளே போகும். உருண்டைப்புழுவும் அப்படியே, முட்டை வாய் வழியாகப் போகும் என்பதுதான் வித்தியாசம். ஆகவே "மண் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டி கசிகிறதா, யாராவது அங்கே மலம் கழிக்கிறார்களா, பூனையும் நாயும் அதைக் கழிப்பிடமாக வைத்திருக்கின்றனவா என்று கேளுங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால் அது வெறும் மண். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவினால் போதும். பூச்சி மருந்து எப்போது கொடுப்பது என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதை விளக்கி முடித்த பிறகும் "அப்படின்னாலும் அழுக்குதானே மேடம்" என்பார்கள். ஆமாம், அழுக்குதான். துவைத்தால் போகும்.

இன்னொன்று, அந்தப் புல் மெத்தென்று இருப்பதால் பாதுகாப்பு என்ற நினைப்பு. அடியில் சிமெண்ட் தரை. தலை குப்புற விழுந்தால் அடி சிமெண்டில் விழுந்த அடிதான். உச்சி வெயிலில் அது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

டென்மார்க்கில் கார்ல் தியோடர் சோரன்சன் என்றொரு நில வடிவமைப்பாளர் இருந்தார். பிள்ளைகளுக்காக அவர் பார்த்துப் பார்த்து அமைத்த திடல்களைவிட, கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிடக்கும் சாமான்களோடுதான் பிள்ளைகள் ஆர்வமாக விளையாடினார்கள். அந்த யோசனையில்தான் 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் பலகை, செங்கல் என்று கண்டதையும் போட்டு ஒரு திடல் திறந்தார்கள்.

உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு வண்டி மண்ணை ஒரு மூலையில் மேடாகக் கொட்டுங்கள். சமப்படுத்தாதீர்கள், ஏறி இறங்கத்தான் அது. இரண்டு மூன்று அடிமரத் துண்டு, கைக்கு அடங்காத கூழாங்கற்கள், பழைய பாத்திரம், கரண்டி, மக், அரை வாளித் தண்ணீர். இடமே இல்லையா? பால்கனியில் ஓர் அகலமான டப்பில் மண். அப்புறம் ஒதுங்கி உட்காருங்கள். "இப்படிக் கட்டு, அப்படிக் கட்டு" என்று சொல்லாமல் இருப்பதுதான் பெற்றோருக்குக் கஷ்டமான வேலை என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒதுங்கி உட்காருங்கள் என்றேன், உள்ளே போகச் சொல்லவில்லை. இரண்டு அங்குலத் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். பழைய டயரை அலங்காரமாக வைக்கவே வேண்டாம், அதற்குள் தேங்கும் தண்ணீர் கொசுவுக்குத் தொட்டில். மணலை இரவில் மூடி வையுங்கள், பூனை வரும். பெயின்ட் அடித்த பழைய கதவுப் பலகை வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி இருந்தால் வேரோடு எடுங்கள். தடுப்பூசி அட்டையைப் புரட்டி டெட்டனஸ் போட்டாயிற்றா என்று பாருங்கள். சறுக்குமரம் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, சரி, இருக்கட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மட்டும் சறுக்காதீர்கள். பிள்ளையின் ஷூ பக்கவாட்டில் மாட்டும், உங்கள் எடை கீழே இழுக்கும், முழங்காலுக்குக் கீழே எலும்பு உடையும்.

அந்தப் பையன் வீட்டில் ஒரு மூலையில் மட்டும் புல்லைச் சுருட்டி எடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் காலை வைக்கவில்லை. ஆனால் ஓரத்தில் நின்றுகொண்டு மக்கால் தண்ணீர் ஊற்றி மண் கரைவதைப் பார்க்கிறானாம். நேற்று ஒரு குச்சியால் கிளறினானாம். கையுறை போட்டுவிட்டால் கையாலேயே தொடுவானா என்று அம்மா போனில் கேட்டார்.

வேண்டாங்க, குச்சியே போதும் என்றேன்.