ஆமா, இல்லையா என்று எழுத எட்டு பைட் எதற்கு?

செயற்கைக்கோள் படங்களில் மேகம் மறைத்த இடங்களைப் பிரித்தெடுப்பது என் அன்றாட வேலை. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே கேள்விதான்: மேகமா, இல்லையா? சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் ஒரு டைல் (சதுரத் துண்டு), பிக்சலுக்கு 10 மீட்டர் அளவில், 10,980 × 10,980 பிக்சல். அதாவது 12 கோடி பதில்கள்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் 20 நாள் மாஸ்க்குகளை, அதாவது ஒரு டைலின் இந்தப் பதில்கள் அடங்கிய அட்டவணைகளை, சேர்த்து வைக்கப் பார்த்தார். 16 ஜிபி ராம் போதாமல் நிரல் பாதியில் நின்றது. கூடுதல் ராம் வாங்கலாமா என்று கேட்டார். தவறு ஒரே வரியில் இருந்தது. நம்பையில் (எண் அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் நிரலகம்) வகை சொல்லாமல் பூஜ்ய அரே, அதாவது பூஜ்யங்கள் நிறைந்த அட்டவணை, கேட்டால், அது 64 பிட் தசம எண்களைத் தரும். ஒரு டைலுக்கு 964 எம்பி, இருபதுக்கு 19 ஜிபி. வகையை, ஆமா/இல்லை மட்டும் வைக்கும் 'பூல்' என்று மாற்றியதும் 2.4 ஜிபியில் முடிந்தது.

பூல் என்றாலும் ஒரு பதிலுக்கு ஒரு பைட் போகிறது. ஒரு பைட்டில் எட்டு பிட்; பதிலுக்கு ஒன்றே போதும், மீதி ஏழு பிட் சும்மாதான் கிடக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. நினைவகத்தில் முகவரி பைட்டுக்குத்தான், பிட்டுக்கு இல்லை. நம்பை ஓர் அரேயின் துண்டை நகலெடுக்காமல் தருகிறதே, அது "இந்த முகவரியில் தொடங்கு, இத்தனை பைட் தாண்டித் தாண்டிப் போ" என்ற கணக்கில்தான் நடக்கிறது. பிட்டுகளாக அடைத்தால் அந்த வசதி போய்விடும். இரண்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகள்) ஒரே பைட்டுக்குள் வெவ்வேறு பிட்டை மாற்றினால், ஒன்று எழுதியது அழிந்துபோகவும் கூடும்.

ஆனாலும் ஏபிஎல் என்ற நிரல்மொழி 1960களிலேயே ஐபிஎம் 360 கணினிகளில் ஒரு பதிலுக்கு ஒரு பிட் என்றுதான் வைத்தது. இன்றைய டயலாக் ஏபிஎல்லும் அப்படியே. அதே மரபில் வந்த ஜே மொழி பைட்டுக்குப் போனது. ஜூலியா மொழியில் இரண்டும் உண்டு. பிட்டில் இடம் மிச்சமாவது மட்டுமில்லை, வேகமும் கிடைக்கிறது: 64 பிட் பதிவகம் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) ஒரே கட்டளையில் 64 பதில்களை ஒப்பிட்டுவிடும்.

நம்பையில் இருப்பவர்கள் வட்டில் சேமிக்கும்போதாவது, எட்டு பதில்களை ஒரு பைட்டில் அடைக்கும் 'பேக்பிட்ஸ்' பயன்படுத்துங்கள். ஒரு டைல் 15 எம்பிக்குச் சுருங்கும். ஆனால் ஒரு இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 10,980 எட்டால் வகுபடாது. வரிசை வரிசையாக அடைத்தால் ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் நான்கு பூஜ்யங்கள் ஒட்டிக்கொள்ளும். மேகமில்லாத இடத்தை எண்ணுவதற்காக, அடைத்த நிலையிலேயே பிட்டுகளைத் தலைகீழாக்கினால் அந்த நான்கும் ஒன்றாகிவிடும். டைலுக்கு 43,920 பிக்சல், தரையிலேயே இல்லாத நிலம், கணக்கில் ஏறும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. எனவே முதலில் பிரித்து, 10,980 என்ற எண்ணிக்கையைக் கையோடு கொடுத்து வெட்டி, அப்புறம் தலைகீழாக்குங்கள்.