மெய்நிகர் கணினி பூட் ஆகாமல் எந்த இடத்தில் நிற்கிறது?

சென்ற ஆண்டு ஒரு சிறு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. பல வருடக் கணக்குகள் இருக்கும் விண்டோஸ் 7 கணினியை அப்படியே மெய்நிகர் கணினியாக, அதாவது இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியாக, மாற்றியிருந்தார்கள். டிஸ்க்2விஎச்டி என்ற மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகலெடுத்து, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் இணைத்திருக்கிறார்கள். ஓடவிட்டால் விண்டோஸ் சின்னம் வருகிறது, கண் இமைக்கும் நேரம் நீலமாகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. "பழைய டிஸ்க்கை இன்னிக்கு ஃபார்மட் பண்றதா இருந்தோம் சார். டேட்டா போயிடுச்சா?" என்று கேட்டார் அங்கிருந்த தம்பி. குரல் நடுங்கியது.

டேட்டா போகவில்லை. விண்டோஸ் சின்னம் வரை வந்துவிட்டது என்றாலே டிஸ்க்கைப் படித்து, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் வரை எல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். அதனால்தான் இப்படி யார் அழைத்தாலும் 'எந்த இடத்தில் நிற்கிறது?' என்பதை முதலில் கேட்கிறேன். சின்னம் வருவதற்கு முன்பா, பின்பா? அதைப் பார்க்காமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை வரிசையாக அடித்து, நன்றாக இருந்த பூட் பகுதியையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொடங்கும்போதே எஃப்8 அழுத்தி, பிழை வந்தால் தானாக மறுதொடக்கம் ஆவதை நிறுத்தச் சொன்னேன். நீலத் திரை நின்றது. எண் 7பி. பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பது இதன் அர்த்தம். அந்தப் பழைய கணினியின் பயாஸில் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), டிஸ்க் ரெய்டு என்ற, பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்குவதற்கான முறையில் வைக்கப்பட்டிருந்தது. இன்டெலின் டிரைவர்தான் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) அதைக் கையாண்டது. விண்டோஸ் 7 நிறுவப்படும்போது, பூட்டுக்குத் தேவைப்படாத டிஸ்க் டிரைவர்களைத் தொடக்கத்தில் ஏற்றாமல் ஒதுக்கிவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவதோ ஏஎச்சிஐ என்ற வேறு முறையில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலர். அதற்கான எம்எஸ்ஏஎச்சிஐ டிரைவர் உள்ளேயே இருக்கிறது, ஆனால் எழுப்பப்படவில்லை. வீடு இருக்கிறது, சாவியும் இருக்கிறது, சாவி வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது.

முதலில், தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப, மெய்நிகர் டிஸ்க்குக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தோம். அப்புறம் விண்டோஸ் 7 நிறுவல் டிஸ்க்கில் பூட் செய்து, ஷிஃப்ட்டுடன் எஃப்10 அழுத்திக் கட்டளைத் திரையைத் திறந்து, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டருக்குப் போனோம். பலர் தவறுவது இங்கேதான். அப்போது கண்ணில் தெரிவது நிறுவல் டிஸ்க்கின் சொந்த ரெஜிஸ்ட்ரி. அதில் எதை மாற்றினாலும் பயனில்லை. ஹெச்கே லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து, லோட் ஹைவ் வழியாக, நம் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் கான்ஃபிக் என்பதற்குள் இருக்கும் சிஸ்டம் கோப்பை ஏற்ற வேண்டும். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். நம் சி டிரைவ் டி என்று நிற்கலாம், திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்றியதில், நடப்பு அமைப்புகளைக் காட்டும் கரன்ட் கன்ட்ரோல்செட் இருக்காது. செலக்ட் என்ற இடத்தில் கரன்ட் மதிப்பு 1 என்றால் கன்ட்ரோல்செட்001. அதில் சர்வீசஸுக்குள் எம்எஸ்ஏஎச்சிஐ. அதன் ஸ்டார்ட் மதிப்பு 3 என்று இருந்தது. தொடக்கத்திலேயே ஏற்று என்று பொருள்படும் 0 ஆக்கினோம். ஏற்றிய அந்தக் கோப்பை (ஹைவ்) அன்லோட் செய்து மறுதொடக்கம் செய்தோம். லாகின் திரை வந்தது.

சின்னமே வராமல் கருப்புத் திரையில் நின்றால் கதை வேறு. அநேகமாக பயாஸுக்கும் அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறைக்கும் இடையிலான பொருத்தமின்மை. பயாஸ் முறையில் நிறுவிய டிஸ்க்கை மைக்ரோசாஃப்ட்டின் மெய்நிகர் கணினி மென்பொருளான ஹைப்பர்-வியில், யுஇஎஃப்ஐ முறையில் எழும் இரண்டாம் தலைமுறை மெய்நிகர் கணினியில் மாட்டினால் பூட் ஆகாது, முதல் தலைமுறை வேண்டும். விண்டோஸ் 10 என்றால் நகலெடுக்கும் முன்பே சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் எது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். இன்னொன்று, இடம் மிச்சம் பிடிக்க சி டிரைவை மட்டும் நகலெடுப்பது. விண்டோஸ் 7 வழக்கமாகத் தனியே ஒதுக்கும் 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியில்தான் பூட் கோப்புகள் இருக்கும். அதை விட்டுவிட்டு வந்தால் எதிலிருந்து எழும்?

நகலெடுத்த கோப்பை அதே கணினியில் மாட்டித் திறந்து பார்க்கவும் வேண்டாம். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் நகலுக்குப் புது எண் கொடுத்துவிடும், பூட் அமைப்போ பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும். டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் போட்டிருந்தால் நகலெடுக்கும் முன் அதை நிறுத்திவைத்து, 48 இலக்க மீட்பு எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸிலும் இதே வகைப் பிரச்சினை உண்டு. தொடக்கத்தில் தேவையான டிரைவர்களை வைத்திருக்கும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் பழைய வன்பொருளுக்கு மட்டும் தயாரித்திருந்தால், மெய்நிகர் டிஸ்க்குக்கான விர்ட்ஐஓ டிரைவர் அதில் இருக்காது. மீட்பு முறையில் நுழைந்து அந்தக் கோப்பைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

அந்த நிறுவனத்தில் லாகின் ஆன பிறகும் நெட்வொர்க் வேலை செய்யவில்லை. பழைய நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்திருந்த நிலையான ஐபி முகவரி புதிய மெய்நிகர் கார்டுக்கு வரவில்லை. அதைக் கையால் போட்டோம். போடுவதற்கு முன், பழைய கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றச் சொன்னேன்; இரண்டும் ஒரே முகவரியோடு இருந்தால் மோதிக்கொள்ளும். பழைய டிஸ்க்கைத் தனியே எடுத்து, தேதி எழுதிய சீட்டை ஒட்டி, பீரோவில் வைத்தோம். ஆண்டுக் கணக்கு முடிந்து ஆடிட்டர் சரி சொல்லும்வரை அதைத் தொடக் கூடாது என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.