பழைய செய்தித்தாள் கிண்ணமாகும் விதம்

பழைய செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஏறக்குறைய நேர்கோட்டில் கிழியும். குறுக்காகக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஐந்து வயதுக் குழந்தையும் செய்து பார்க்கக்கூடிய இந்தச் சோதனை, தாள் என்பது மர இழைகளின் பின்னல் என்பதையும், ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே அவ்விழைகளில் பெரும்பாலானவை படிந்துவிடுகின்றன என்பதையும் காட்டிவிடுகிறது. கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பூனைமயிர்போல நீட்டிக்கொண்டிருப்பவை அந்த இழைகளே. கத்தரிக்கோல் வெட்டிய ஓரத்தில் இவை துண்டாகிவிடுவதால், ஊறிய தாளை அரைத்துக் கிண்ணம் செய்யும் காகிதக் கூழ் வேலைக்குத் தாளைக் கையால் கிழிப்பதே நல்லது. பிள்ளைகளுக்குப் பிடித்த வேலையும் அதுதான்.

செய்தித்தாளில் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் பசையன்று. மர இழையின் முக்கியப் பொருளான செல்லுலோஸின் மூலக்கூறுகளில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு அணுக்கூட்டங்கள்), பக்கத்து இழையின் தொகுதிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்னும் மெல்லிய ஈர்ப்பால் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஓர் இரவு ஊறவைத்தால் நீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிட, மசித்ததும் இழைகள் பிரிந்து கூழாகின்றன. பளபளப்பான வார இதழ்த் தாள் இதற்கு ஒத்துவராது. அதன்மேல் பூசிய வெள்ளைக் களிமண் பிடிப்பைக் கெடுக்கும்.

கூழுக்கு மைதாப் பசை சேர்ப்போர் உண்டு. ஆனால் மாவை அடுப்பில் காய்ச்சி, அதன் ஸ்டார்ச் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பினால்தான் அது நல்ல பசையாகும். நம் ஊர்ப் பாட்டிமார் ஊறிய காகிதத்தோடு வெந்தயத்தையும் ஊறவைத்து, ஆட்டுரலில் அரைத்துக் கூடை செய்வார்கள், முறத்திலும் பூசுவார்கள். வெந்தயத்தின் கொழகொழப்புக்குக் காரணமான காலக்டோமன்னன் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி, சூடே இல்லாமல் நீரில் விரிந்து இழைகளை ஒட்டவைக்கும். குழந்தைகளுக்கு அடுப்பில்லாத இந்த முறையே ஏற்றது என்பேன்.

கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணத்தின்மேல் எண்ணெய் தடவி, கூழை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்ப வேண்டும். நீர் ஆவியாகும்போது, மிஞ்சிய நீரின் பரப்பு இழுவிசை இழைகளை நெருக்கமாக இழுக்கிறது; நெருங்கியவை மீண்டும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைகின்றன. கனமாக அப்பினால் மேற்புறம் காய்ந்தும் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காயும் கூழ் சுருங்குவதால் அச்சிலேயே விட்டுவைத்தால் வெடிப்பும் விழலாம். முக்கால் பதம் காய்ந்ததும் கழற்றி, உட்புறத்துக்கும் வெயில் காட்ட வேண்டும்.

அச்சு மை கலந்திருப்பதால் இதில் தின்பண்டம் வைக்கலாகாது. பென்சிலும் கிரேயான் துண்டுகளும் போடலாம். உடைந்தால் மறுபடி ஊறவைத்து வேறு உருவம் செய்யலாம்; ஒவ்வொரு அரைப்பிலும் இழைகள் சற்றுக் குறுகுவதால், புதிதாக இரண்டு தாளும் ஒரு பிடி வெந்தயமும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.