பிறந்த எடையும் ஐம்பது வயதுச் சிறுநீரகமும்

சிறுநீரகக் கோளாறோடு வருபவரிடம் டாக்டர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது மதுரைக்காரர்கள் பலருக்கும் பழக்கம்தான். சுகர் எத்தனை வருஷமா இருக்கு? பிரஷர் மாத்திரை விடாமல் போடுறீங்களா? மூட்டுவலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டதுண்டா? மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றோடு நான்காவது ஒன்றும் சேர வேண்டும் என்பேன்: பிறந்தப்ப எத்தனை கிலோ இருந்தீங்க?

ஐம்பது வயதுக்காரரிடம் இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்புகளுக்கு நெஃப்ரான் என்று பெயர். கருவின் ஒன்பதாவது வாரத்தை ஒட்டி இவை உருவாகத் தொடங்கி, 34 முதல் 36 வாரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. பாதிக்கும் மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் உருவாகின்றன. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதன்பின் ஒரு நெஃப்ரான்கூடப் புதிதாக வராது. தோல் ஆறும், எலும்பு கூடும், வெட்டிய கல்லீரலும் வளரும். நெஃப்ரான் போனால் போனதுதான்.

எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை கிடைப்பதில்லை. இறந்தவர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்தபோது, ஒரு சிறுநீரகத்துக்குச் சராசரியாக 9 முதல் 10 லட்சம் நெஃப்ரான் இருந்தது. ஆனால் சிலருக்கு 2 லட்சம்தான். சிலருக்கு 20 லட்சத்துக்கும் மேல். பிறந்த எடை ஒரு கிலோ கூடினால் சிறுநீரகம் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் நெஃப்ரான் கூடுதலாக இருப்பதும் தெரியவந்தது.

தாய்க்குச் சாப்பாடு போதவில்லை, பிரஷர் ஏறிவிட்டது, நஞ்சுக்கொடி வழியே ரத்தம் சரியாகப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். கரு கிடைப்பதை முதலில் மூளைக்கு அனுப்பும். அந்த நேரத்துக்கு அதுதான் உயிர்காக்கும் வழி. சிறுநீரகத்துக்குக் குறைகிறது. வயிற்றுக்குள் இருக்கும்வரை கழிவகற்றும் வேலையைத் தாயின் உடலே பார்த்துக்கொள்வதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

வளர்ந்தபின்தான் சிக்கல். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போக மற்றதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. நெஃப்ரான் குறைவு என்பதற்காக இந்த வேலை குறையாது. இருபது பேர் நட வேண்டிய வயலில் பத்துப் பேர் இறங்கினால் என்ன ஆகும்? அன்றைய நடவு முடிந்துவிடும். ஆனால் பத்துப் பேர் இடுப்பும் ஒடிந்துபோகும். ஒருவர் படுத்துவிட்டால் ஒன்பது பேர் பாடு இன்னும் மோசம். சிறுநீரகத்திலும் அதேதான். இருக்கும் வடிகட்டிகள் அளவில் பெரிதாகின்றன, அவற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது, பிறகு அவை ஒவ்வொன்றாகத் தழும்பேறி மூடிக்கொள்கின்றன. உப்பை வெளியேற்றும் திறனும் குறைவதால் பிரஷர் கூடுகிறது. கூடிய பிரஷர் மிச்சமுள்ள நெஃப்ரான்களை மேலும் அடிக்கிறது. 1988-இல் அமெரிக்க மருத்துவர் பேரி பிரென்னரும் அவருடைய குழுவினரும் முன்வைத்த கருத்து இது.

அதற்கு வலுவான சான்றுகள் பின்னால் வந்தன. 2003-இல் ஜெர்மனியில், விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எண்ணிப் பார்த்தார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு, மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறையப் பாதி நெஃப்ரான்களே இருந்தன. 2008-இல் நார்வேயில் சுமார் 20 லட்சம் பிறப்புப் பதிவுகளைப் பார்த்ததில், எடை குறைந்து பிறந்தவர்களுக்கு முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பயந்துவிடக் கூடாது. நூற்றில் எழுபது பேருக்கு வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. பத்தாயிரத்தில் பத்துப் பேருக்கு வருவது பதினேழு பேருக்கு வருகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்து பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள்.

பிறந்தபின் நடக்கும் வளர்ச்சிக்கும் இதில் பங்குண்டு. புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கின் குழுவினர் அந்நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அங்கே குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோதான் பிறந்தன. இங்கிலாந்துக் குழந்தைகளோ 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் மெலிந்திருந்த புனே குழந்தைகளிடம் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. இப்படிப் பிறந்த பிள்ளை பிற்பாடு வேகமாகக் குண்டானால், குறைந்த நெஃப்ரான்களின் தலையில் பெரிய உடம்பின் சுமை ஏறுகிறது. கூடவே சுகரும் பிரஷரும் சீக்கிரம் வரும்.

நம் வீடுகளில் “புள்ள நோஞ்சானா இருக்கே” என்று பிஸ்கட்டும் பாக்கெட் சத்துமாவும் திணிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் அடித்துக்கொள்ளும். பாசத்தில் செய்கிறார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் பருப்பும் முட்டையும் கீரையுமாக வீட்டுச் சாப்பாடு. உயரத்தோடு சேர்ந்து எடை ஏறினால் போதும். அதேபோல், வயிற்றுப்பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று கர்ப்பிணியின் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் அவள் தட்டில் குறைப்பது பிள்ளையின் நெஃப்ரானில் குறைக்கலாம்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் ஐம்பது, அறுபது வருஷம் முன் வீட்டில் பிறந்தவர்களில் பலருக்குப் பிறந்த எடை தெரியாது. அம்மாவோ அத்தையோ இருந்தால் கேளுங்கள்: குறைமாசமா? பஞ்சில் வைத்து வளர்த்த பிள்ளையா? ஆம் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். வெயிலில் செங்கல் சூளையிலோ வயலிலோ வேலை செய்பவர் என்றால் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்புவலிக்கு டாக்டரைக் கேட்காமல் மாத்திரை கூடாது. ஊறுகாயையும் கருவாட்டையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

“உப்பு கூடிருச்சு” என்று நாம் சொல்லும் கிரியேட்டினின் என்ற ரத்தக் கழிவின் அளவு, சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதியளவு போகும்வரைகூட இயல்பாகவே காட்டலாம். சிறுநீரில் ஆல்புமின் பார்க்கும் பரிசோதனை அதற்குப் பல வருஷம் முன்பே எச்சரித்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை பிரஷரோடு அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்கும் பிரஷர் பார்க்க வேண்டும். எப்போது தொடங்குவது என்று குழந்தை மருத்துவர் சொல்வார். பெரியவர்களுக்கான பட்டையைச் சின்னக் கையில் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். குழந்தைக்கான பட்டையில்தான் அளக்க வேண்டும்.