அவள் முதலில் தோழியிடம்தான் சொல்வாள்

சித்திரை பிறந்தால் வயிற்றுவலி வந்துவிடுகிறது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவளுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். ஸ்கேன் எடுத்தாயிற்று, குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தாயிற்று, மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. தேர்வு பயமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு தேதிகளைக் கேட்டேன். தேர்வு முடிந்த பிறகும் வலி நிற்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரிலிருந்து உறவினர்கள் வந்து சேரும் நாளில் கூடியிருக்கிறது. அவர்கள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதும் விட்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக இதே கதை.

மதுரையில் வளரிளம் பருவத்தினருக்கான உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். இங்கே நான் எழுதும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவருக்கு நடந்ததை இன்னொருவருக்கு நடந்ததோடு சேர்த்திருக்கிறேன். அவர்கள் பட்ட பாட்டை மட்டும் மாற்றவில்லை.

அம்மா பேசப் பேச அந்தப் பெண் சுவரில் இருந்த ஸ்விட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் வந்தாள். ஆம், இல்லை, தெரியவில்லை என்பதைத் தாண்டி வாயிலிருந்து எதுவும் வரவில்லை. நான்காவது வாரம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு அவளுக்கு ஒரு கதை சொன்னேன்.

அது 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்பீக்' என்ற இளையோர் நாவல். லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதியது. மெலிண்டா என்ற பெண், ஒன்பதாம் வகுப்பில் சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையில், ஒரு விருந்துக்குப் போன இடத்தில் மூத்த மாணவன் ஒருவனால் வல்லுறவுக்கு ஆளாகிறாள். பதறிப்போய் போலீசுக்கு போன் செய்கிறாள். என்ன நடந்தது என்று சொல்ல நா எழவில்லை. விருந்தைக் கெடுத்தவள் என்று பள்ளியே அவளை ஒதுக்குகிறது. உயிர்த்தோழியும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நாளடைவில் மெலிண்டாவின் பேச்சே வற்றிப்போகிறது. அந்தத் தோழி அதே பையனோடு பழகத் தொடங்கியதும் மெலிண்டாவால் சும்மா இருக்க முடியவில்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து, நடந்ததை ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறாள்.

அந்த இடத்தில் நிறுத்தினேன். "அந்தத் தோழி நம்பினாளா மிஸ்?" என்றாள் என் எதிரே இருந்த பெண். அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

இந்தக் கதையைப் பல பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அவனுக்குத் தண்டனை கிடைத்ததா என்று பெரியவர்கள்தான் கேட்பார்கள். பிள்ளைகள் கேட்பது தோழியைப் பற்றி.

முதலில் அவள் நம்பவில்லை, பொய் சொல்கிறாய் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள், பிறகுதான் அவளுக்குப் புரிந்தது என்றேன். அந்தப் பெண் வெகுநேரம் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "என் தோழி உடனே நம்பினாள் மிஸ். ஏழாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டேன்" என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருவர் அந்தப் பாரத்தை இரண்டு ஆண்டுகள் சேர்ந்து சுமந்திருக்கிறார்கள். திருவிழா நாட்களில் வீடு நிறைந்துவிடும்; கூடத்தில் பாய்களை வரிசையாக விரித்து எல்லோரும் படுப்பார்கள். "பாட்டிக்கும் சுவருக்கும் நடுவில் படு. அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே" என்று தோழி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பாவாடையில் குத்திக்கொள்ள ஊக்குகளும் கொடுத்திருக்கிறாள். பாட்டியின் முதுகையும் நாலு ஊக்கையும் நம்பி ஒரு குழந்தை படுத்துக் கிடந்திருக்கிறது. அதைவிடப் பெரிய துணை எதையும் பெரியவர்களாகிய நாம் அந்த வீட்டில் வைத்திருக்கவில்லை. அவர்கள் ஏன் ஒரு பெரியவரிடமும் சொல்லவில்லை? தோழி மீனாட்சியம்மன் மேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

இளையோர் நாவல்களைப் பற்றி நான் விடாமல் பேசுவதற்குக் காரணம் இதுதான். பாலியல் அத்துமீறல் பற்றிய விழிப்புணர்வு வகுப்புகளில் 'கத்து, ஓடு, நம்பிக்கையான பெரியவரிடம் சொல்' என்று சொல்லித்தருகிறோம். தேவையான பாடம். ஆனால் என் அறைக்கு வரும் வளரிளம் பிள்ளைகளில் மிகப் பலர் முதலில் சொன்னது ஒரு பெரியவரிடம் அல்ல. பக்கத்தில் உட்காரும் தோழியிடம், டியூஷனுக்குச் சேர்ந்து சைக்கிள் மிதிக்கும் நண்பனிடம். அந்தத் தோழி என்ன செய்ய வேண்டும் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. ஒரு நல்ல நாவல் அதைச் சொல்கிறது. நம்புவது எப்படி இருக்கும், நம்பாமல் போனால் என்ன ஆகும், ஒரு ரகசியத்தை எந்த இடத்தில் உடைக்க வேண்டும் என்பதை இருநூறு பக்கம் கூடவே நடந்து காட்டுகிறது.

தோழமையில் இந்த உடைக்கும் இடம்தான் கடினமானது. எனக்குத் தெரிந்த இன்னொரு ஜோடி, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். ஒருத்தி தன் தோழிக்கு நடப்பதை வகுப்பாசிரியையிடம் சொல்லிவிட்டாள். புகார் பதிவானது, அத்துமீறியவர் வீட்டை விட்டு அகன்றார். காப்பாற்றப்பட்ட பெண்ணோ அதற்குப் பிறகு தோழியிடம் ஏழு மாதம் பேசவில்லை. சொன்னவள் என்னிடம் வந்து, "நான் துரோகம் செய்துவிட்டேனா?" என்று கேட்டு அழுதாள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் கோபம் அத்துமீறியவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் மேல் பாய்வது வழக்கம். அவர்மேல்தான் கோபப்பட முடியும் என்ற தைரியம் அதற்கு இருக்கிறது. இதை நான் எவ்வளவோ விளக்கினேன். அவளுக்கு ஆறுதல் வரவில்லை. அந்த ஏழு மாதத்தை எழுதிய ஒரு நாவல் தமிழில் இருந்திருந்தால் அவள் கையில் கொடுத்திருப்பேன்.

குழந்தைகளுக்கான எழுத்து தமிழில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலையே மையமாகக் கொண்டது. 2020ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்றது. கூச்சத்தில் தவிக்கும் பெற்றோர் பலருக்கு அதைக் கைகாட்டியிருக்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டுப் பதின்மூன்றைத் தொடும் பிள்ளை அடுத்து எதை எடுப்பது? தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஒரு பக்கம் படக்கதைகள், இன்னொரு பக்கம் பெரியவர்களின் நாவல்கள். நடுவில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுக்கக் கை நிறையத் தமிழ்ப் புத்தகம் இல்லை. ஆங்கிலம் வசப்பட்டவர்கள் அந்த நாவல்களுக்குப் போகிறார்கள். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் அரசுப் பள்ளிக்குப் போகும் என் பிள்ளைகளுக்கு நான் வாயால் சொன்னால்தான் உண்டு.

வாயால் சொல்லும்போது ஒன்று தட்டுகிறது. அந்தக் கதைகளில் வரும் விருந்தும் காரும் இவர்கள் வாழ்க்கையில் இல்லை. இவர்களுக்கு ஆபத்து வருவது முறை சொல்லிக்கொண்டு. "மாமன் முறைதானே, கிள்ளினால் என்ன?" என்று சிரிக்கும் கூடம். காதுகுத்து வீட்டில் மடியில் இழுத்து உட்கார வைக்கும் தூரத்துச் சித்தப்பா. சடங்கு சுற்றி, சீர் வைத்து, ஊரைக் கூட்டிப் பெண் பெரியவளானதைச் சொல்கிறோம். அன்றைக்கு அவளிடம் அவள் உடலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசுகிறோமா? 'கட்டிக்கொள்ளப் போகிறவன்' என்ற கேலிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை நம் மண்ணிலிருந்து எழுதினால்தான் எழுத முடியும். உறவுமுறையை நான் பழிக்கவில்லை. தாய்மாமன் தோளில் வளர்ந்தவள் நான். அந்தப் பாசத்தை மதிப்பதால்தான் அதைத் திரையாக மாட்டிக்கொள்கிறவர்களைக் கண்டு கொதிக்கிறேன்.

"இதையெல்லாம் படித்தால் பிள்ளை கெட்டுப்போகாதா மேடம்?" என்று கேட்கும் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பேசிய குழந்தைகளில் 53.22 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். நாம் மறைத்து வைக்கும் விஷயம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது; அதைச் சொல்லும் மொழிதான் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு அதுவும் கூடக் குறைவு. என்னிடம் வந்த ஒரு பையன் தனக்கு நடந்ததை 'அந்தக் கேவலம்' என்றுதான் ஓராண்டு சொல்லிக்கொண்டிருந்தான். யாருடைய கேவலம் என்று அவன் கேட்டுப் பார்த்ததே இல்லை.

எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகம் அல்ல. பாதிக்கப்பட்ட பெண் கடைசியில் இறந்துபோகும் கதையை நான் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை. அண்ணனோ காதலனோ வந்து அடித்து நொறுக்கி முடித்துவைக்கும் கதையையும் கொடுப்பதில்லை. 'சீரழிந்தாள்', 'கறைபட்டாள்' என்று எழுதும் எழுத்தாளர், அந்தப் பக்கத்தைப் புரட்டும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதுகிறார் என்று உணர வேண்டும். நான் தேடும் கதையில் அவள் மறுநாளும் பள்ளிக்குப் போக வேண்டும். கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்க வேண்டும், தோழியோடு ஒரு ஹேர்பேண்டுக்காகச் சண்டை போட வேண்டும், எதற்காவது வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும்.

வீட்டில் பிள்ளை இப்படி ஒரு புத்தகம் படித்தால் நீங்களும் அதைப் படியுங்கள். "உனக்கும் இப்படி நடந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் கதவு சாத்திக்கொள்ளும். கதையில் வரும் பெண்ணைப் பற்றிக் கேளுங்கள்: அவள் ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறாய்? பதிலை நின்று கேளுங்கள். அதில் உங்களைப் பற்றியும் கொஞ்சம் இருக்கும்.

பிள்ளை சொல்லிவிட்டால் "நம்புகிறேன், இது உன் தவறு இல்லை" என்பதற்கு மேல் அந்த நிமிடத்தில் எதுவும் தேவையில்லை. ஏன் அங்கே போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை என்பவை கூடவே கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். என்னிடம் வரும் பிள்ளையிடம் நான் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எவருக்கும், ஆணோ பெண்ணோ, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. தெரிந்தும் மறைக்கும் பெரியவருக்குத் தண்டனை உண்டு. ஆனால் சொல்லாமல் இருந்தது ஒரு குழந்தை என்றால் அந்தத் தண்டனைப் பிரிவு பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. நாலு ஊக்கு கொடுத்த அந்தத் தோழியிடம் இதைப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

ஸ்டேஷன் என்றாலே நடுங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை சப் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்கலாம். பெயரையும் படத்தையும் எந்தப் பத்திரிகையும் வெளியிடக் கூடாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ அழைக்கலாம். பகலோ இரவோ, பிள்ளையே அழைக்கலாம். பிள்ளைக்காகத் தோழியும் அழைக்கலாம்.

அந்தப் பெண்ணின் வீட்டில் புகார் கொடுக்க அம்மாவுக்கு ஒன்பது நாள் பிடித்தது. குடும்பம் இரண்டாகப் பிளந்தது; சிலர் இன்னும் பேசுவதில்லை. வழக்கு நடக்கிறது. கடந்த சித்திரையில் அந்த வீட்டுக் கூடத்தில் நான்கே பாய்கள்.

போன மாதம் அவள் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். தானே ஒரு கதை எழுதுவதாகச் சொன்னாள். பதினேழு பக்கம் வந்திருக்கிறது. கதையில் ஒரு பாட்டி இருக்கிறாள், ஒரு சுவர் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு மட்டும் பெயர் எழுத வேண்டிய இடங்களில் எல்லாம் கோடு இழுத்து விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அது என் தோழி மிஸ். பெயரை அவளையே வைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்."