தூக்கிச் செல்ல முடிந்ததே சொத்து: போர் ஊர்ப் பொருளாதாரத்தை மாற்றும் விதம்

2008ஆம் ஆண்டில், இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னி நிலப்பரப்பின் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த குடும்பங்கள், உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல் மூட்டைகளோடும் பாத்திரங்களோடும் கூரைத் தகரங்களையும் ஓடுகளையும் கதவு நிலைகளையும் யன்னல்களையும் ஏற்றிச் சென்றன. வீட்டைக் கொண்டுபோக முடியாது என்பதால், வீட்டில் எவையெல்லாம் கழன்று வருமோ அவற்றைக் கழற்றிக்கொண்டார்கள். சேர்ந்த இடத்தில் அவற்றைக் கொண்டே கொட்டில் போட்டார்கள். ஷெல் வீச்சு நெருங்கியதும் மறுபடி கழற்றி ஏற்றினார்கள். ஒவ்வொரு பெயர்விலும் சுமையில் ஒரு பகுதி வழியிலேயே விடப்பட்டது. 2009இல் மாத்தளன், முள்ளிவாய்க்கால் கடற்கரையை அடைந்தபோது, பலரிடம் கையில் பிடித்த பையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

போர் ஒரு குடும்பத்தின் பொருளாதாரத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கான விடை இந்தச் செயலில் அடங்கியிருக்கிறது. அமைதிக் காலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வளம் சேர்ப்பவை நிலம், கிணறு, தென்னை, பனை, மாட்டுப்பட்டி, வாடிக்கையாளரின் நம்பிக்கை என இடத்தோடு ஒட்டியவையே. போர் வந்ததும் கணக்குத் தலைகீழாகிறது. தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும் என்றால், ஆறேழு ஆண்டுகள் கழித்து அந்தக் காணியில் நாம் இருப்போமா என்ற ஐயம் தென்னையின் மதிப்பை நட்ட நாளிலேயே குறைத்துவிடுகிறது. எனவே தங்கம், ரொக்கம், படிப்பு, வெளிநாட்டுக்குப் போகும் வழி என நகரக்கூடியவற்றை நோக்கிக் குடும்பங்கள் சாய்கின்றன. இது ஒவ்வொரு வீட்டுக்கும் முற்றிலும் அறிவார்ந்த முடிவு. ஆனால் ஊரில் எல்லா வீடுகளும் இதே முடிவை எடுக்கும்போது, உற்பத்திக்கு ஆதாரமான முதலீடு குண்டு விழாத இடத்திலும் நின்றுபோகிறது.

கொலம்பியாவின் உள்நாட்டு மோதல் பகுதிகளில் விவசாயக் குடும்பங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் இதே சாய்வைக் கண்டிருக்கிறார்கள். ஆயுதக் குழுக்களின் நடமாட்டத்துக்கு நடுவே வாழ்ந்தவர்கள், நீண்டகாலப் பயிர்களைக் குறைத்துக்கொண்டு, சில மாதங்களில் பலன் தரும் பயிர்களுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் மாறினார்கள். வருமானம் குறைவு என்று தெரிந்தேதான் மாறினார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதையில் முற்றுகை இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில், குடாநாட்டுச் செம்மண் தோட்டங்களின் மிளகாயும் சின்ன வெங்காயமும் கொழும்புச் சந்தையில் நல்ல விலை பெற்றன. 1977இல் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை அந்த வாய்ப்பைச் சுருக்கியது. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் மின்சாரம் அறுந்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் முதலியவை அரசின் தடைக்குள்ளாயின. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. தோட்டத்துக்கு நீர் கிணற்றிலிருந்துதான் வரவேண்டும், இறைக்கும் இயந்திரமோ மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெய் விலை பல மடங்கு ஏறியபோது ஒவ்வொரு இறைப்பும் செலவாயிற்று. மறுபுறம் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஆனையிறவுத் தரைப்பாதை மூடப்பட்டதால் விளைச்சல் தெற்கே போக வழியில்லை. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடப்பதே மக்களுக்கு எஞ்சியிருந்த வழியாயிற்று. அப்படிக் கடந்தவர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டதும் உண்டு. இடுபொருள் எட்டாத விலையிலும் விளைபொருள் விலைபோகாத நிலையிலும் இருக்கும்போது, ஒரு தோட்டக்காரர் செய்யக்கூடியது வீட்டுத் தேவைக்கு மட்டும் விதைப்பதுதான். சந்தைக்காக வாழ்ந்த ஒரு பிரதேசம் இப்படித்தான் தன் வயிற்றுப்பாட்டுக்குள் ஒடுங்கியது.

மக்களின் சாமர்த்தியம் வியப்புக்குரியது. சில துளி பெற்றோலை விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறு போத்தலில் திரியிட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். இவற்றைப் பெருமையோடு நினைவுகூர்வது நியாயமே. ஆனால் அந்தச் சாமர்த்தியம் முழுவதும் இருந்த நிலையிலிருந்து கீழே விழாமல் இருப்பதற்கே செலவாயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இடர் வந்தால் விற்கலாம் என்று சேமித்தவை போரில் ஏன் கைகொடுப்பதில்லை என்பதும் விளக்கத்துக்குரியது. மழை பொய்த்த ஆண்டில் ஒரு வீடு மாட்டை விற்றால், வாங்க வேறோர் ஊர் இருக்கும். போரில் எல்லாரும் ஒரே நாளில் விற்பவர்களாகிறார்கள், வாங்குபவர் இல்லை, சந்தைக்குப் போகும் பாதையும் பாதுகாப்பில்லை. ருவாண்டாவின் கிராமக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வும், சாதாரண ஆண்டுகளில் நெருக்கடியைத் தாங்க உதவிய மாடு விற்பனை 1994இல் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டவர்களுக்கு உதவவில்லை என்றே காட்டுகிறது. விற்க எதுவும் இல்லாதபோது குடும்பம் தன் உணவிலிருந்து எடுக்கிறது. புருண்டியில் உள்நாட்டுப் போர் நடந்த மாகாணங்களின் குழந்தைகள், போருக்கு ஆட்பட்டிருந்த காலம் நீளநீள, வயதுக்குரிய உயரத்தில் பின்தங்கினார்கள். அந்த இழப்பை அவர்கள் வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரிடுகிறது.

ஊர் என்ற அளவில் அழிவது கடனும் நம்பிக்கையும் ஓடிய வலை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்கு இரண்டு மணி நேரமே அவகாசம் தரப்பட்டது. அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி எந்தப் பொருளாதாரக் கணக்குக்குள்ளும் அடங்காதது. அதோடு இரும்புக்கடை, தையல், நகை வணிகம் போன்ற தொழில்களில் தலைமுறைகளாக வளர்ந்த திறமையும், யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்ற அறிவும் ஒரே நாளில் அந்த நகரத்தை விட்டுப் போயின. மறுமுனையில், அகதிகளாகப் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் கூலி வேலைக்கும் நீருக்கும் பள்ளி இடத்துக்கும் போட்டி ஏற்பட்டது.

கடலிலும் இதுவே நடந்தது. இரவு மீன்பிடிக்குத் தடை, கரையிலிருந்து இவ்வளவு தூரம் என்ற எல்லை, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு, கடலுக்குப் போக அனுமதிச்சீட்டு பெறும் பாஸ் நடைமுறை என வடக்கு மீனவர் பல ஆண்டுகள் கரையோடு கட்டிப்போடப்பட்டனர். அதே காலத்தில் தமிழ்நாட்டின் இழுவைப் படகுகள் பெருகி, ஆளில்லாத அந்தக் கடற்பரப்பில் தொழில் செய்யப் பழகின. 2009க்குப் பிறகு வடக்கு மீனவர் திரும்பியபோது, தங்கள் வலைகள் அறுபடுவதைக் கண்டார்கள். இலங்கை 2017இல் அடிமட்ட இழுவைமடி மீன்பிடியைச் சட்டத்தால் தடை செய்தும் பிணக்கு ஓயவில்லை. போர் வெறுமையாக்கிய இடத்தில் வேறொருவரின் பிழைப்பு வேரூன்றிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்புவது இரண்டு ஏழைகளுக்கு இடையிலான வழக்காகிவிடுகிறது.

துப்பாக்கிகள் ஓய்ந்தபின் பொருளாதாரம் தானாக எழுந்துவிடும் என்ற எண்ணத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. வியட்நாமில் அமெரிக்கக் குண்டுவீச்சு மிகுந்திருந்த மாவட்டங்கள், கால் நூற்றாண்டுக்குப் பின் மற்ற மாவட்டங்களைவிட வறுமையில் பின்தங்கியிருக்கவில்லை. ஆனால் அங்கே மீள்கட்டுமானத்துக்கு அரசின் பெரும் முதலீடு வந்தது என்பதை மறக்கக்கூடாது. மொசாம்பிக்கில் நடந்த கண்ணிவெடி அகற்றலை ஆராய்ந்தவர்கள், ஒரு நெடுஞ்சாலையையோ சந்தையையோ திறந்துவிடும்போது நன்மை தொலைதூர ஊர்களுக்கும் பரவுவதைக் கண்டார்கள். ஆக, எது எந்த வரிசையில் திரும்பி வருகிறது என்பது முக்கியம்.

வடக்கில் 2009க்குப் பிறகு முதலில் வந்தவை சாலையும் கடனும். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலை வழியாகத் தெற்கின் பொருள்களும் நிதி நிறுவனங்களும் வந்தன; விற்பதற்கு உற்பத்தி இல்லாத, அடகு வைக்க நகையும் இல்லாத குடும்பங்கள் கடன் வாங்கின. கணவனை இழந்த, அல்லது காணாமல் போனவரைத் தேடிக்கொண்டிருந்த பெண்களே பெரும்பாலும் நுண்கடன் குழுக்களில் கையெழுத்திட்டனர். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று அது சுழன்று, தற்கொலைகள் வரை போனது. 2018இல் அரசு வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது.

இந்தக் கடன்களின் வட்டியைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. தவணையைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை என்றே கருதுகிறேன். வாரந்தோறும் திருப்பிச் செலுத்த வேண்டிய பணத்தைக் கொண்டு வாரந்தோறும் காசு புரளும் தொழிலைத்தான் செய்ய முடியும். பெட்டிக்கடை வைக்கலாம், கோழி வளர்க்கலாம். பசு கன்று போட்டுப் பால் தரும்வரை காத்திருப்பது கடினம், தென்னை நடுவது இயலவே இயலாது. போர்க்காலத்தில் அச்சம் குடும்பங்களைக் குறுகிய காலக் கணக்குக்குள் தள்ளியது என்றால், போருக்குப் பிந்தைய கடன் முறை அவர்களை அதே கணக்குக்குள்ளேயே நிறுத்திவைத்தது. போர்க்காலத்தில் முன்னரங்காக இருந்த முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படும் காணிக்கு வேண்டியது, கிணற்றைத் தூர்வாரிக் கன்று நட்டுக் காய்க்கும்வரை தவணை கேட்காத நீண்டகாலக் கடனும், அந்தக் காணி இனி தங்களுடையதாகவே இருக்கும் என்ற சட்ட உறுதியும்தான்.